பிரேக் மிதிக்க ஓர் ஆள்

சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னது தினேஷ். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வண்டியில் ஒரு குறை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கிற முதல் ஆள் நானாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற பையன் எனக்குச் சொல்லித் தருவதா?

"அங்கிள், லெஃப்ட் சைடுல ஏதோ ஆவாஸ் வருது" என்றான்.

"உன் செல்போனா இருக்கும், பாரு" என்றேன்.

அவனைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, கட்கி பஜார் வழியாகத் தனியாகத் திரும்பும்போது கேட்டேன். அவன் சொன்னது சரிதான். இடது முன்சக்கரத்திலிருந்து அடித்தொண்டையில் யாரோ முனகுவது மாதிரி ஒரு சத்தம். வேகம் கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது. பேரிங் போய்விட்டது, அல்லது அதைவிட மோசமாக ஏதோ ஒன்று. இரண்டு நாள் முன்பே கேட்டிருந்தும் கேட்காத மாதிரி இருந்தேனோ என்னவோ, தெரியவில்லை.

என் பெயர் சவரிமுத்து. மராத்தி ஊரான கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் ஃபிட்டர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வண்டி 1956-ஆம் வருடத்து ஃபார்கோ பிக்கப். தேஹு ரோடு ராணுவ டெப்போவில் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது எடுத்தது. எடுத்த நாளில் லீலா அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இதுக்கு நம்மளவிட வயசு ஜாஸ்தி போல இருக்கே" என்றாள். லீலா என் மனைவி. இப்போது இல்லை.

தொண்ணூற்று ஒன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் மாதா திருநாளுக்கு இந்த வண்டிதான் சப்பரம். பின்பக்கத் தட்டில் மேடை கட்டி, மாதா சுரூபத்தை வைத்து, கட்கித் தெருக்களில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவேன். பவனிக்கு முந்தின நாள் இருபது இருபத்தைந்து பேர் என் வீட்டுக்கு வருவார்கள். மூங்கில் கட்டுவார்கள், சீரியல் லைட் மாட்டுவார்கள், வாசல் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து பூக் கட்டுவார்கள். ஒருத்தன் சுத்தியல் கேட்பான், ஒருத்தி தண்ணீர் கேட்பாள், யாரோ ஒருவர் என்னிடமே, "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்பார். மற்ற நாட்களில் என் கேட்டைத் திறப்பது நான் மட்டும்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த ஒரு நாளுக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன்.

அதனால்தான் தினேஷ் அன்று மாலை போன் செய்து சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அவன்தான் அந்த வருடம் திருநாள் கமிட்டி செயலாளர்.

"அங்கிள், கமிட்டில பேசினோம். ஒரு 407 லாரி இருக்கு. ஆனா கண்பதி ஃபெஸ்டிவல் டைம் இல்லையா, எல்லா வண்டியும் புக் ஆயிடும். ஃப்ரைடே ஈவினிங்குக்குள்ள ஹா யா நா, ரெண்டுல ஒண்ணு சொல்லணுமாம்."

"என் வண்டி ஓடும்."

"ஓடினா நல்லது அங்கிள். நடு ரோட்ல நின்னுட்டா மாதாவோட நாம எல்லாம் தள்ளணும்" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. இந்த வருடம் 407 வந்தால் அடுத்த வருடமும் அதுதான் வரும். அதற்கு மேடை கட்ட யாரும் என் வீட்டுக்கு வரத் தேவையில்லை.

திங்கட்கிழமை காலையில் ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கினேன். சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினால் டக் டக் என்று ஆடியது. இங்கேதான் ஒரு சிக்கல். முன்சக்கரம் இப்படி ஆடினால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சக்கரம் சுழல்கிற பேரிங் தேய்ந்திருக்கும். அல்லது சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற கிங் பின் தேய்ந்திருக்கும். கைக்கு இரண்டும் ஒரே ஆட்டம்தான். எது என்று பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், இன்னொருத்தர் வெளியே சக்கரத்தை ஆட்ட வேண்டும். பிரேக் பிடித்தால் சக்கரமும் அச்சும் ஒரே துண்டாகிவிடும். அப்போது ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில்.

பேரிங் ஒரு நாள் வேலை, அதை நானே செய்வேன். கிங் பின் என்றால் அதைச் சுற்றி உட்காருகிற புஷ் வளையத்தை அடித்து இறக்கி, லேத் பட்டறையில் கொடுத்து அளவு எடுக்க வேண்டும். கண்பதி சமயத்தில் எந்தப் பட்டறையிலும் ஆள் இருக்க மாட்டான். வெள்ளிக்கிழமைக்குள் அது நடக்காது.

பிரேக் மிதிப்பது லீலாவின் வேலை. கையில் ஒரு தட்டுப் பூண்டோடு கேபினில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். "மிதி" என்பேன், மிதிப்பாள். "விடு" என்பேன், விடுவாள். நடுவில் பூண்டு உரிப்பாள். அவள் போன பிறகு அந்தச் சோதனையைச் செய்ய அவசியம் வரவில்லை. முதல் முறையாக இப்போதுதான் வந்தது.

ஒரு மரச் சட்டத்தை அளவாக அறுத்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தேன். கீழே வந்து ஆட்டினேன். ஆடியது. அப்படியானால் கிங் பின். ஆனால் என்னால் அதை நம்ப முடியவில்லை. கிங் பின்னை நான் தொண்ணூற்று ஒன்பது ஆகஸ்டில்தான் மாற்றினேன். வருடத்துக்கு நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் நாலே வருடத்தில் அது எப்படித் தேயும்? சீட்டின் பழைய ஸ்பிரிங் அமுங்கிக் கொடுக்கிறது, சட்டம் பெடலைச் சரியாக அழுத்தவில்லை என்று தோன்றியது. சட்டத்தைத் தூக்கிப் போட்டேன். காலால் மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆளுக்கு எங்கே போவது? மகன் ஸ்டீபன் மஸ்கட்டில். எதிர் வீட்டு மராத்திக் குடும்பம் காலையிலேயே கண்பதி மண்டபத்துக்குப் போய்விடுகிறது. தொழிற்சாலையில் கூட இருந்தவர்களில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு வாய் நீளம், அது ஊருக்கே தெரியும். இந்த வண்டியில் இடது பக்கச் சக்கரத்து நட்டுகள் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். "உன்ன மாதிரியே ஒரு வண்டிய தேடிப் புடிச்சிருக்க" என்று லீலா சொல்வாள்.

மீதி இருந்தது பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள். சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். அவளோடு நான் பேசி மூன்று வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொண்ணூற்று ஒன்பது டிசம்பரில் லீலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குளியலறையில் விழுந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. முதுகுத் தண்டில் கட்டி என்றார்கள். டாக்டர் என்னிடம், "கால் பலவீனம் எத்தனை நாளா இருக்கு?" என்று ஹிந்தியில் கேட்டார். "பதினைந்து நாள்" என்றேன். அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. கட்டிலில் படுத்திருந்த லீலா ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். இன்னும் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், பதினைந்து நாளில் இவ்வளவு முற்றியிருக்கிறது, உங்கள் மேல் தப்பில்லை என்றார். ஜனவரியில் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அந்தோணியம்மாள் யாரிடமோ, "ஆடி மாசத்துலேர்ந்தே அவளுக்குக் காலுல தெம்பு இல்ல, பாவம்" என்றாள். கண்டோன்மெண்ட் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ஆயாவாக இருந்தவள். நான் எழுந்து கத்தினேன். "என் வூட்ல, என் கண்ணு முன்னால நடந்தா எனக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரிஞ்சிதுன்னா ஏன் வாய மூடிகினு இருந்தீங்க? பொய் சொல்றதுக்கு ஒரு நேரம் இல்லையா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பதினைந்து நாள். நான் தூங்கியது அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான். அதற்கு மேல் ஒரு நாள் கூடினாலும் என்னால் தாங்க முடியாது. அந்தோணியம்மாளோடு பேசாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோபம் இல்லை, பயம். பேசினால் அவள் மறுபடியும் ஆடி மாதம் என்பாள்.

செவ்வாய்க்கிழமை போயிற்று, புதன்கிழமை போயிற்று. தெருமுனையில் டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டே இருந்தார்கள். புதன்கிழமை மாலை தினேஷ் மறுபடி போன் செய்தான். "அங்கிள், 407-காரன் கேட்டுட்டே இருக்கான்." வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை காலை பால் வாங்கி வைத்துவிட்டு, சுவர் ஓரம் போய் நின்றேன். அந்தோணியம்மாள் கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு வயது மூத்தவள். லீலா அவளை அக்கா என்று கூப்பிடுவாள், அதனால் நானும்.

"அந்தோணிக்கா."

நிமிர்ந்து பார்த்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மன்னிப்பாவது. எனக்கு அதெல்லாம் வராது.

"பிரேக் மிதிக்க ஒரு ஆளு வேணும்" என்றேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். சண்டைக்கு வருவாள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எந்தக் காலால?" என்று கேட்டாள்.

"எதுனா ஒண்ணு."

கேட்டைத் திறந்து வந்தாள். கேபினில் ஏற அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. நான் கை கொடுக்கலாமா வேண்டாமா என்று நிற்பதற்குள், கதவைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறிவிட்டாள். கொத்தவரங்காய் மாதிரி உடம்பு. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைப் பெடலில் வைத்தாள். இவள் மிதித்து இந்த வண்டிக்குப் பிரேக் பிடிக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"மிதிங்க" என்றேன்.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். கல் மாதிரி நின்றது. ஒரு முடி அளவு ஆட்டம் இல்லை.

"விடுங்க."

டக் டக்.

"மிதிங்க."

நின்றது. நாலு தடவை பார்த்தேன். சந்தேகமே இல்லை, பேரிங்தான். கிங் பின் நன்றாக இருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினேன். இன்றைக்குக் கழற்றினால் நாளைக்கு மாட்டிவிடலாம், 407 வேண்டாம்.

"போதுமா?" என்றாள் அந்தோணியம்மாள்.

"போதும்க்கா."

"மறுபடி வேணும்னா கூப்பிடுங்க, ஸ்டீபன் அப்பா." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நட்டுகளை எதிர்ப்பக்கம் சுற்றிக் கழற்றி, சக்கரத்தை எடுத்து, டிரம்மோடு ஹப்பை இழுத்தேன். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உருளைகள் அத்தனையிலும் பொட்டுப் பொட்டாகக் குழி. ஓரத்தில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அவை ஓடுகிற கிண்ணத்திலும் அதே குழிகள். இது இந்த வருடத்துத் தேய்மானம் இல்லை. நாலைந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அப்போது அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஒன்றை ஒரு துணியில் முடிந்துகொண்டு, உதிரிபாகக் கடைகள் இருக்கிற நாணா பேட்டுக்கு பஸ் பிடித்தேன். கண்பதிக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் கிடைத்தது. உள் பேரிங், வெளிப் பேரிங், ஆயில் சீல் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உட்கார்ந்தேன். பழைய கிண்ணங்களைத் தட்டி எடுத்துப் புதியவற்றை இறக்கினேன். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவில் கிரீஸ் வெளியே வரும் வரைக்கும் ஏற்றினேன். எனக்குப் பிடித்த வேலை அது. அச்சில் ஹப்பை ஏற்றி, நட்டை மாட்டி, அதைப் பூட்டுகிற ஸ்பிளிட் பின்னைத் தேடியபோது பழைய பின் ஒடிந்துவிட்டிருந்தது. வேறு ஒன்று எடுக்க ஷெட் மூலையில் இருந்த டால்டா டப்பாவைக் கவிழ்த்தேன்.

முதலில் விழுந்தவை தொண்ணூற்று ஒன்பதில் நான் கழற்றிப் போட்ட கிங் பின்கள். நான்தான் எதையும் தூக்கிப் போட மாட்டேனே. செய்தித்தாளில் சுற்றி, அவற்றின் புஷ்களோடு சேர்த்து வைத்திருந்தேன். தாளைப் பிரித்தேன். எண்ணெய்ப் பூச்சில் பளபளவென்று இருந்தன. ஒரு கீறல் இல்லை. விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். தேய்ந்த பின்னில் நகம் இடறும். இதில் இடறவில்லை.

மைக்ரோமீட்டரை எடுத்துவந்தேன். பின்னின் நடுப்பகுதி எதிலும் உரசாது, அதனால் தேயாது. நடுவில் ஓர் அளவு எடுத்தேன். புஷ் உட்காருகிற இரு முனைகளிலும் அளவெடுத்தேன். மூன்றும் ஒன்றுதான். சரி, புஷ் தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே வாதாடினேன். புஷ்ஷைப் பின்னில் மாட்டி ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

முப்பத்து நாலு வருடம் தொழிற்சாலையில் அளக்காமல் ஒரு துண்டு இரும்பைக்கூடத் தள்ளிவிடாத ஆள் நான். வீட்டில் அளக்கவில்லை. தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்த பிறகு எதற்கு அளப்பது என்று இருந்துவிட்டேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன்? பிரேக் மிதித்தும் சக்கரம் ஆடியதால். மிதித்தது லீலா.

ஆகஸ்ட் மாதம், இதே ஷெட், இதே சக்கரம்.

"மிதி" என்றேன். ஆடியது.

"மிதிடின்னா."

"மிதிச்சிகினுதான் இருக்கேன்."

"காலையில ஒண்ணும் துன்னலியா நீ? நல்லா அழுத்து."

"காலு நிக்க மாட்டேங்குதுங்க."

"வேலன்னு சொன்னாலே உனக்குக் காலு நிக்காது."

திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் பெடல் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. மடியில் பூண்டுத் தட்டு இல்லை. "ரெண்டு காலால பிரேக் மிதிக்கிறவள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுபடி ஆட்டினேன், ஆடியது. "கிங் பின் போச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனேன். பேரிங்கில் லேசாகப் பொட்டு விழுந்திருந்ததை அன்றைக்கே பார்த்தேன். ஓடும் என்று கிரீஸ் தடவிப் போட்டு, நட்டை ஒரு பல் கூடுதலாக இறுக்கினேன். ஆட்டம் நின்றது. கிங் பின் மாற்றியதால் நின்றது என்று பெருமையாக இருந்தது.

அறுபத்து இரண்டு வயது அந்தோணியம்மாள் ஒற்றைக் காலால் கல் மாதிரி நிறுத்திய சக்கரம் அது. லீலா இரண்டு காலாலும் மிதித்தும் நிற்கவில்லை. அவள் சொன்னாள். வாயால் சொன்னாள். அவள் சொன்னதை நம்பாவிட்டாலும் சக்கரமாவது என் கையில் சொன்னது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை நாலு மாதம். பதினைந்து நாள் என்று டாக்டரிடம் சொன்னவன் நான்.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. டோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் எழுந்தேன். வேலை பாதியில் கிடந்தது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினேன். பிறகு ஒரு பல் பின்னால் தளர்த்தினேன். ரொம்ப இறுக்கினால் புது பேரிங் எரிந்துவிடும். புது ஸ்பிளிட் பின்னை மாட்டி, அதன் இரு முனைகளையும் பிரித்து மடித்தேன். சக்கரத்தை ஏற்றி, நட்டுகளை எதிர்ப்பக்கம் பூட்டினேன். சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது.

கடைசியாக ஒரு முறை பார்க்க வேண்டும். சுவர் ஓரம் போனேன். கூப்பிடுவதற்குள் அவளே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். எல்லாம் சரி. இறங்கப் போனவளிடம் அந்தக் கிங் பின் ஒன்றை நீட்டினேன். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் சொன்னேன். பிரேக்கை, ஆட்டத்தை, தொண்ணூற்று ஒன்பதை எல்லாம் சொன்னேன். "நீங்க சொன்னது நெசம்தான்க்கா. ஆடி மாசம்தான். நான்தான் உங்கள பொய்க்காரின்னு சொன்னேன்."

அவள் கேபின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட அவ வந்து சொன்னப்போ, உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லு, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவாருன்னு சொன்னேன், ஸ்டீபன் அப்பா. சொல்லாம வுடுவனா?"

"அவ இன்னா சொன்னா?"

அந்தோணியம்மாள் கிங் பின்னை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"'சொன்னேன்க்கா, அவரு கிங் பின்ன மாத்திட்டாரு'ன்னா. சொல்லிட்டு அப்படி சிரிச்சா."

நான் அழுதேன். சக்கரத்தின் பக்கத்தில் கிரீஸ் கையோடு, முகத்தைத் துடைக்கவும் முடியாமல் அழுதேன். அந்தோணியம்மாள் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் கத்தியிருப்பேன். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்குத் தினேஷ் போன் செய்தான். "என்ன அங்கிள், ஹா யா நா?"

"ஹா" என்றேன்.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மூங்கில் கட்டினார்கள், லைட் போட்டார்கள். ஒருத்தன் சுத்தியல் கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். போன வருடம் வரைக்கும் அந்தக் கூட்டம் எனக்குப் போதுமாக இருந்தது. இந்தத் தடவை அத்தனை பேர் நடுவிலும் நான் தனியாகத்தான் இருந்தேன். பவனி ஞாயிற்றுக்கிழமை மாலை. அஞ்சு மைல் வேகத்தில் பஜாரைச் சுற்றி வந்தேன். லீலா ஜெபமாலையோடு உட்காருகிற பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். சக்கரம் ஒரு சத்தமும் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

சுரூபத்தைக் கோயிலில் இறக்கிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். வீட்டுக்கு வந்து வண்டியை ஷெட்டில் விட்டு, இடது ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. வேலை சுத்தமாக இருந்தது.

உள்ளே போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டீபன் பேசுவான்.

"வண்டி ஓடிச்சாப்பா?"

"ஓடிச்சு."

"சாப்ட்டீங்களா?"

"ஸ்டீபா, அம்மாவுக்கு எத்தன நாளா காலு சரியில்லன்னு அன்னிக்கு டாக்டர் கேட்டாரு இல்ல."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பதினஞ்சு நாள்னு சொல்லிட்டேன். தப்பு. நாலு மாசம்."

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்?"

"கேட்டாரு இல்ல" என்றேன்.